வெள்ளியும் கண்ணாடியும்: டென்மார்க்கின் சிற்ப நகைகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய தொடக்கம்

போன கோடையில் மாமி ஜெர்மனியிலிருந்து வந்து எங்களோடு ஒரு வாரம் நின்றார். வந்த அன்றே என் கழுத்தில் கிடந்த பதக்கத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை பவுண்?" வெள்ளி மாமி, என்றேன். "அப்ப நடுவில கிடக்கிறது?" கண்ணாடி. மாமியின் கை பதக்கத்தை விட்டது. "கண்ணாடிக்கோ இவ்வளவு காசு குடுத்தனீ?"

மாமியில் பிழை இல்லை. உலோகம் எத்தனை கிராம், கல் என்ன விலை, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்றுதான் நாங்கள் நகையை அளக்கப் பழகியிருக்கிறோம். இந்த அளவுகோல் தாலிக்கொடிக்குப் பொருந்தும். டென்மார்க்கின் வெள்ளிப் பதக்கத்தை இதே தராசில் வைத்தால் ஒரு விடை வரும், ஆனால் அது பதக்கத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது.

இன்னொரு பக்கம் இணைய விற்பனைத் தளங்கள். ஏதோ ஒரு வெள்ளி மோதிரத்தைப் படம் எடுத்துப் போட்டு "டேனிஷ், ஸ்டூடியோ, விண்டேஜ், சிற்ப வடிவம்" என்று நான்கு சொற்களையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். வாங்குபவர் அந்தச் சொற்களுக்குத்தான் பணம் கட்டுகிறார், அவற்றின் பொருள் தெரியாமலே. நான் இருப்பது டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில், கோல்டிங் நகரத்தில். ஹான்ஸ் ஹான்சன் 1906-ல் வெள்ளிப் பட்டறை தொடங்கிய ஊர் இது. இங்கேயுள்ள பழைய அரண்மனையான கோல்டிங்ஹுஸ் அருங்காட்சியகத்தில் வெள்ளிக்கென்றே ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது. இந்த நகைகள் மேல் எனக்கு உள்ள பிரியம் அங்கே தொடங்கியதுதான். அதனால் அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த நான்கு சொற்கள்

விண்டேஜ் என்பது எளிது. நூறு வயதைத் தாண்டிய பொருளை ஆன்டீக் என்பார்கள். அந்த வயது ஆகாத, ஆனால் இன்னொரு காலத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிற பொருள் விண்டேஜ். இந்தக் கட்டுரையில் பேசும் நகைகளில் பெரும்பாலானவை 1940களுக்கும் 1970களுக்கும் இடையில் செய்யப்பட்டவை.

டேனிஷ் என்பதில் ஒரு சின்னச் சிக்கல். அது பட்டறை இருந்த நாட்டைக் குறிக்கும், வரைந்தவர் பிறந்த நாட்டை அல்ல. டேனிஷ் நகை என்றதும் பலர் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று உண்டு. இரண்டு முனையும் சேராத காப்பு, அதில் எண்களே இல்லாத, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற முகப்பு. அதை வடிவமைத்த விவியானா தோருன் பியூலோ-ஹ்யூபே ஸ்வீடனில் பிறந்தவர். 1962-ல் அவர் உருவாக்கிய அந்தக் கடிகாரம் பிறகு கோபன்ஹேகன் பட்டறை ஒன்றின் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போனது.

மிகவும் குழப்பப்படும் சொல் ஸ்டூடியோ. ஒருவரோ இருவரோ தாங்களே வரைந்து, தாங்களே தட்டிச் செய்து, தங்கள் பெயரிலேயே விற்கும் சிறு பட்டறைதான் ஸ்டூடியோ. எங்கள் கோல்டிங்கிலேயே அன்னி, பென்ட் க்னுட்சன் என்ற தம்பதி அப்படித்தான் வேலை செய்தார்கள். பென்ட், ஹெல்கா எக்ஸ்னர் தம்பதியும் இதே வழி. கோபன்ஹேகனின் கியோர்க் யென்சன் பட்டறை (ஜார்ஜ் ஜென்சன் என்றும் எழுதுவார்கள்) வேறு வகை. அங்கே ஒரு கலைஞர் வடிவம் தருவார், தேர்ந்த வெள்ளித் தட்டார்கள் அதைச் செய்வார்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு, அதே வடிவம் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவரும். தரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதை ஸ்டூடியோ நகை என்று விற்பது சொல்லைத் தளர்த்திப் பயன்படுத்துவது.

கண்ணாடிக்கும் இதே கதைதான். டென்மார்க்கின் ஹோல்மெகோர் கண்ணாடி ஆலை 1825-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு தனி ஆள் தன் கொட்டகையில் சிறிய உலை வைத்துக் கண்ணாடி ஊதலாம் என்ற எண்ணம் 1962-ல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பட்டறைகளுக்குப் பிறகுதான் பரவியது. டென்மார்க்கில் அந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஃபின் லிங்கோர். எபல்டொஃப்ட் என்ற ஊரில் 1986-ல் கண்ணாடி அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

நான்காவது சொல் சிற்பம். அதற்குத் தனியாக இடம் வேண்டும்.

நாணயமும் சங்கும்

ஒரு நாணயத்தைக் கையில் எடுங்கள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், அதோடு சரி. இப்போது ஒரு சங்கை எடுங்கள். முன் எது, பின் எது என்று சொல்ல முடியாது. கை தானாகவே அதைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப வளைவு ஒன்று உள்ளே போய் மறைகிறது, இன்னொன்று வெளியே வருகிறது. உள்ளே இருக்கும் வெற்றிடமும் சங்கின் வடிவத்தில் ஒரு பகுதிதான். அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் சங்கு ஊதவே முடியாது.

பெரும்பாலான நகைகள் நாணயத்தின் குடும்பம். தட்டையான தகட்டில் பூ, கொடி, மயில் என்று வேலைப்பாடு இருக்கும், எதிரே நிற்பவர் பார்ப்பதற்காக. சிற்ப நகை சங்கின் குடும்பம். எந்தப் பக்கம் பார்த்தாலும் வேறொன்று தெரியும் வடிவம், வெற்றிடத்தையும் சேர்த்து யோசித்த வடிவம் என்பதுதான் அதற்கு நான் தரும் விளக்கம். அளவு இங்கே பொருட்டே இல்லை. காதுத் தோடு அளவிலும் சிற்பம் இருக்கலாம். கையளவு பதக்கம் வெறும் தட்டையான தகடாகவும் இருக்கலாம்.

டென்மார்க்கில் இந்தப் பார்வை வேரூன்றியதற்கு நேரான காரணம் ஒன்று உண்டு. நகை செய்ய வந்த முக்கியமான ஆட்கள் சிற்பம் படித்தவர்கள். கியோர்க் யென்சன் 1866-ல் கோபன்ஹேகனுக்கு வடக்கே ரோட்வாட் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே பொற்கொல்லர் வேலை பழகினார். அவருடைய ஆசை சிற்பத்தில் இருந்தது. அரச கலைக் கழகத்தில் சிற்பம் படித்து 1892-ல் முடித்தார். சிற்பத்தில் வயிறு நிறையவில்லை. திரும்ப வெள்ளிக்கு வந்து 1904-ல் கோபன்ஹேகன் பிரெட்கேட தெருவில் சிறிய பட்டறை ஒன்றைத் திறந்தார். வைரம், மாணிக்கம் பக்கம் அதிகம் போகாமல் அம்பர் (பழங்கால மரப்பிசின் இறுகிக் கல் போலானது), நிலவுக்கல், அகேட் போன்ற எளிய கற்களை வெள்ளியில் பதித்தார். யூட்லாந்துக் கடற்கரையில் புயலுக்குப் பிறகு பொறுக்கி எடுக்கக் கிடைக்கும் பொருள் அம்பர். கல்லின் விலை முக்கியமில்லை, வடிவத்துக்கு அது என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. பின்னாளில் கண்ணாடிக்குக் கதவு திறந்ததும் இந்த எண்ணம்தான்.

யென்சனின் ஆரம்ப கால நகைகளில் இலையும் மொட்டும் பறவையும் நிறைய. அதையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் வடிவத்துக்கு வந்தவர் ஹென்னிங் கொப்பல். 1918-ல் பிறந்தவர், அவரும் சிற்பிதான். யூதக் குடும்பம் என்பதால் நாஜி ஆக்கிரமிப்பின்போது 1943-ல் ஸ்வீடனுக்குத் தப்பிப் போனார். போர் முடிந்து 1945-ல் திரும்பியதும் யென்சன் பட்டறையில் சேர்ந்தார். அவர் வடிவங்களைக் களிமண்ணில் பிசைந்து பார்ப்பவர். 1940களின் பிற்பகுதியில் அவர் தந்த கைச்சங்கிலிகளை நான் கண்ணாடிப் பேழைக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கண்ணியும் கடலில் தேய்ந்த எலும்பு போல, நுண்ணோக்கியில் பார்க்கும் அமீபா போல இருக்கும். ஒரு கண்ணி முடியும் இடத்தில் அடுத்தது நழுவிக்கொண்டு வரும். இடையில் விட்டிருக்கும் சந்துகளில் அணிந்தவரின் தோல் தெரியும். அந்தத் தோலும் வடிவத்தில் சேர்த்திதான். சங்கின் உட்குழிவு மாதிரி.

கொப்பல் மட்டும் இல்லை. நன்னா டிட்செல் நாற்காலி வடிவமைத்தவர், 1950களில் அதே கண்ணோடு வெள்ளிக் காப்புக்கு வந்தார். பென்ட் காப்ரியல்சன் ஒரே வடிவத் துண்டைக் கண்ணியாகவும் அலங்காரமாகவும் ஆக்கினார். அவருடைய கழுத்தணிகளில் கொக்கி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். விண்டேஜ் காலத்தையும், டேனிஷ் பட்டறையின் நாட்டையும், ஸ்டூடியோ வேலை நடந்த விதத்தையும், சிற்பம் வடிவத்தையும் குறிக்கின்றன. ஒரு நகைக்கு நான்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியும் இல்லை.

கரண்டியின் இரண்டு பக்கம்

சரி, வடிவத்தை எதில் செய்தாலும் வடிவம்தானே, ஏன் வெள்ளி?

சமையலறைக்குப் போய்ப் புதிய கரண்டி ஒன்றை எடுங்கள். (நாங்கள் வீட்டில் 'சில்வர்' என்று சொல்வது துருப்பிடிக்காத எஃகைத்தான். இந்தச் சோதனைக்கு அதுவே போதும்.) குழிந்த பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரியும். புடைத்த பக்கத்தில் நேராக, சிறியதாகத் தெரியும். முகத்தோடு சேர்ந்து யன்னல், விளக்கு, கூரை என்று முழு அறையும் அந்தச் சிறிய புடைப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கரண்டியைக் கொஞ்சம் அசைத்தால் விளக்கின் பிம்பம் ஒரு கோடாக இழுபட்டு ஓடும்.

சிற்ப நகையில் ஒளி வேலை செய்வது இப்படித்தான். வைரத்தில் பட்டை தீட்டியிருக்கும், ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக மின்னி அணையும். வளைந்த வெள்ளியில் மின்னல் கிடையாது, ஒளி வழுக்கிக்கொண்டு போகும். அணிந்தவர் திரும்பும்போது அந்த ஒளிக்கோடு புடைப்பின் மேல் ஓடி, குழிவில் இறங்கி, தலைகீழாகி மறுபக்கம் ஏறும். அந்த ஓட்டம் எங்கே வேகமாக, எங்கே மெல்ல என்பதைத் தீர்மானிப்பது வளைவு. நல்ல வடிவமைப்பாளர் வரைவது உண்மையில் அந்த ஓட்டத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வெள்ளியை மிஞ்சிய உலோகம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லா உலோகங்களையும் விட அதிகமாகத் திருப்பி அனுப்புவது வெள்ளி, 90 சதவீதத்துக்கும் மேல். தங்கம் நீல ஒளியைத் தானே விழுங்கிக்கொண்டு மஞ்சளாகத் தெரியும். வெள்ளி அறையின் நிறத்தை அப்படியே காட்டும். மேகமூட்டமான வடக்கு வானத்தின் கீழே அது கிட்டத்தட்ட நீலச் சாம்பலாக இருக்கும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெண்ணெய் நிறம்.

கம்பி ஏன் இறுகுகிறது

சுத்தமான வெள்ளி மிகவும் மெது. மோதிரமாகச் செய்து போட்டால் நாள்போக்கில் நெளிந்துவிடும். அதனால் செம்பு சேர்ப்பார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு என்றால் அதற்கு ஸ்டெர்லிங் என்று பெயர். டென்மார்க்கில் 830 பங்கு வெள்ளியும் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது.

செம்பு பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைச் செய்வது சுத்தியல். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதலில் இலகுவாக வளையும், பிறகு இறுகும், கடைசியில் முறியும். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தட்டும்போதும் வளைக்கும்போதும் அந்த வரிசைகள் நழுவி, ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். சிக்கு கூடக் கூட நழுவ இடம் குறையும். இதைத்தான் அடிபட்டு இறுகுதல் என்கிறேன். இறுகியதை நெருப்பில் காட்டிச் சூடாக்கினால் சிக்கு அவிழ்ந்து உலோகம் மறுபடியும் இளகும். வெள்ளித் தட்டாரின் நாள் முழுவதும் இந்தச் சுற்றுதான்: தட்டு, இறுகும், காய்ச்சு, இளகும், மறுபடி தட்டு.

கடைசியாக இளக்காமல் விடுவதில்தான் சூட்சுமம். முன்பு சொன்ன கைக்கடிகாரத்தின் தோருன் வடிவமைத்த கழுத்து வளையங்கள் பலவற்றில் கொக்கியே கிடையாது. விரித்துப் போட்டுக்கொண்டால் தானாகவே கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த விறைப்பு சுத்தியல் தந்தது. அப்படிப்பட்ட வளையத்தை யாராவது தெரியாமல் சூடாக்கிவிட்டால் விறைப்பு போய், ஈரத்துணி போலத் தொங்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் மாறியிருக்காது.

கற்கண்டும் ஆரஞ்சு மிட்டாயும்

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். கண்ணாடி என்றதும் போலிக் கல் என்ற எண்ணம் வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. வைரம் போலப் பட்டை தீட்டி, பின்னால் பளபளப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கற்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம்.

கண்ணாடி என்றால் என்ன? சீனிப் பாகைக் காய்ச்சி, நூல் கட்டிப் பல நாள் அசையாமல் வைத்தால் கற்கண்டு வரும். சீனியின் மூலக்கூறுகளுக்கு வரிசையில் வந்து அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, அதனால் பட்டை பட்டையாக வளர்கிறது. அதே சீனியை நன்றாகக் கொதிக்கவைத்துச் சட்டென்று குளிரவிட்டால் ஆரஞ்சு மிட்டாய், எங்கள் ஊர்ப் பேச்சில் தோடம்பழ இனிப்பு. மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல், பாகாக இருந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. பொருள் ஒன்று, உள்ளமைப்பு வேறு.

மணலில் உள்ள சிலிக்காவும் இப்படியே. பூமிக்குள் மெல்ல வளர்ந்தால் படிகம், அதாவது ஸ்படிகம். அது கற்கண்டு. உலையில் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கிக் குளிரவிட்டால் கண்ணாடி. அது ஆரஞ்சு மிட்டாய். தோருனின் நகைகளில் தொங்கும் தெளிந்த துளிகள் பலவும் படிகம். அவற்றைக் கண்ணாடி என்று விற்பவர்களும், கண்ணாடியைப் படிகம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். படிகம் கண்ணாடியைக் கீறும். கன்னத்தில் வைத்தால் கண்ணாடியை விடக் கூடுதலாகக் குளிரும், நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி.

அடுக்கு இல்லாததுதான் கண்ணாடியின் பலம். படிகத்தைத் தேய்த்துத்தான் உருவாக்க முடியும். கண்ணாடியைத் தேன் போல இழுக்கலாம், ஊதலாம், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தைப் போர்த்தலாம். கோபால்ட் சேர்த்தால் நீலம், இரும்பு சேர்த்தால் பச்சை, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. வெள்ளி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி அதை உள்ளே விட்டு, வளைத்து, மறுபக்கம் அனுப்புகிறது. ஒன்று மூடிய கதவு, ஒன்று திறந்த யன்னல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் குணம் மற்றதில் தெளிவாகத் தெரிகிறது. இதற்காகத்தான் அந்தக் கலைஞர்கள் கண்ணாடியை எடுத்தார்கள், விலை குறைக்க அல்ல.

என் பதக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. இரண்டு வெள்ளிக் கைகள், கும்பிடப் போகும் நேரத்தில் நின்றுவிட்டது போல. நடுவே புகை நிறத்தில் ஒரு கண்ணாடி உருண்டை, இரண்டு சென்ரிமீற்றர் இருக்கும். அதைக் கண்ணுக்குச் சற்று எட்டப் பிடித்து யன்னல் பக்கம் திரும்பினால் எதிர்வீட்டுச் சிவப்பு ஓட்டுக் கூரை தலைகீழாக, தேநீர் நிறத்தில் உள்ளே தெரியும். முழு உருண்டைக் கண்ணாடி ஒரு வில்லைபோல வேலை செய்வதால் தூரத்துக் காட்சியைக் கவிழ்த்துக் காட்டுகிறது. அதே நேரம் வெள்ளிக் கைகளின் புடைப்பில் அதே யன்னல் நேராகத் தெரிகிறது. நேரும் தலைகீழும் ஒரே பதக்கத்தில்.

நெருப்பில் சேராத இரண்டு

உருக்கிய கண்ணாடியை வெள்ளிக் கூட்டுக்குள் ஊற்றினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. சூடானால் பெரும்பாலான பொருள்கள் விரியும், ஆறினால் சுருங்கும், ஆனால் ஒரே அளவில் இல்லை. சாதாரணக் கண்ணாடியை விட வெள்ளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இரண்டு சென்ரிமீற்றர் அகலமான துண்டு 500 பாகை ஆறும்போது வெள்ளி 0.19 மில்லிமீற்றர் சுருங்கும், கண்ணாடி 0.09 மட்டும். வித்தியாசம் 0.1 மில்லிமீற்றர். அச்சுத் தாள் ஒன்றின் கனம்தான். வெள்ளிக்கு அது ஒன்றுமில்லை, நெளிந்து கொடுத்துவிடும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது, அந்தச் சமனில்லாத நெருக்குதலில் வெடித்துவிடும்.

அதனால் வேலையின் வரிசை முக்கியம். பற்றவைப்பு, அதாவது குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிக் கலவையை இடையில் ஓடவிட்டு இரண்டு துண்டுகளை ஒட்டுவது, 700 பாகைக்குக் கிட்டத்தில் நடக்கிறது. அது முழுவதும் முதலில் முடிய வேண்டும். சட்டகம் ஆறி, மெருகேறி, எல்லாம் ஆன பிறகு கடைசியாகத்தான் கண்ணாடி உள்ளே வரும், குளிராகவே. விளிம்பை மெல்ல அழுத்திக் கண்ணாடி மேல் மடிப்பார்கள், அல்லது விறைப்பான கைகளை விரித்து உருண்டையை நடுவில் விடுவார்கள். என் பதக்கத்தில் இரண்டாவது முறை. முந்திச் சொன்ன அடிபட்டு இறுகுதல் இங்கேதான் உதவுகிறது. கைகள் இளகியிருந்தால் உருண்டை நழுவி விழுந்துவிடும்.

இதைப் பட்டுத்தான் படித்தேன். சங்கிலி கோக்கும் மேல் வளையம் அறுந்தபோது பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் உருண்டையைக் கழற்றாமலே மேலே சுடரைப் பிடித்துப் பற்றவைத்துவிட்டார். திரும்பி வந்தபோது வளையம் ஒழுங்காக இருந்தது. உருண்டைக்குள் மயிரிழை போல ஒரு விரிசல், மேலிருந்து பாதி வரை. அன்று இரவு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி பதித்த நகையைப் பழுதுக்குக் கொடுத்தால் "கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தானே பற்றவைப்பீர்கள்?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

ஆக, வெள்ளி ஒளியைத் திருப்புகிறது, கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டும் ஒரே நெருப்பில் சேராது, எனவே கண்ணாடி எப்போதும் கடைசியில், குளிராக. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு.

எனாமலும் கண்ணாடிதான்

எனாமல் ஒரு வகைச் சாயம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கண்ணாடித் தூள். நிறக் கண்ணாடியை மாவு போல அரைத்து, ஈரமாக வெள்ளியின் மேல் பரப்பி, உலையில் வைத்தால் உருகி வெள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். விரிவுச் சிக்கல்? இந்தக் கண்ணாடியின் கலவையையே வெள்ளிக்கு நெருக்கமாக விரியும்படி மாற்றியிருப்பார்கள். படலமும் மிக மெல்லியது. தகடு வளையாமல் இருக்கப் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுப்பதுண்டு.

டென்மார்க்கின் நினைவில் ஆழமாக இருக்கும் வெள்ளி–கண்ணாடி நகைகள் இரண்டும் இந்த வகை, இரண்டும் ஒரே வருடத்தவை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படைகள் நாட்டுக்குள் வந்தன. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 16 அன்று இளவரசி மார்கிரெத பிறந்தார். மார்கெரிட் என்பது வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட ஒரு பூவின் பெயர். அந்தப் பிறப்பை ஒட்டி அ. மிக்கெல்சன் பட்டறை தங்க முலாம் பூசிய வெள்ளியில், வெள்ளை எனாமல் இதழ்களோடு அந்தப் பூவை நகையாக்கியது. அதே வருடம் செப்டம்பரில் பத்தாம் கிறிஸ்தியான் அரசருக்கு எழுபது வயது. ஆர்னோ மாலினோவ்ஸ்கி வடிவமைத்து, யென்சன் பட்டறை செய்த சின்னஞ்சிறு 'அரச முத்திரை', வெள்ளியும் எனாமலும் சேர்ந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மக்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அந்த ஊசியில் எத்தனை கிராம் வெள்ளி என்று யாரும் எடை போட்டிருக்க மாட்டார்கள்.

போருக்குப் பிறகு கொப்பலும் தன் அமீபா வடிவங்களை எனாமலில் செய்தார். ஆழ்ந்த நீலம் நிரம்பிய குழிவும், அதைச் சுற்றி வெறும் வெள்ளி வரம்பும். மழைத் தண்ணீர் தேங்கிய பாறைப் பள்ளம் போல இருக்கும்.

பின்பக்கத்தைப் படிப்பது

நகையைத் திருப்புங்கள். 830எஸ், 925எஸ், அல்லது 'ஸ்டெர்லிங் டென்மார்க்' என்று பொறித்திருந்தால் வெள்ளியின் அளவு தெரிந்துவிடும். மூன்று கோபுரங்கள் தெரிந்தால் அது 1608 முதல் கோபன்ஹேகனில் பயன்பட்ட முத்திரை. கீழே இரண்டு எண்கள் இருந்தால் அவை ஆண்டு. பக்கத்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்த அதிகாரியின் முதலெழுத்துகள் இருக்கும். யொஹானஸ் சிக்கோர் என்பவருடையது இருந்தால் அது 1932-க்கும் 1960-க்கும் இடைப்பட்டது. யென்சன் பட்டறையின் பெயர் புள்ளிகளால் ஆன நீள்வட்டத்துக்குள் இருந்தால் 1945-க்குப் பிந்தியது. அதில் ஒரு கவனம்: அது முத்திரையின் காலம், வடிவத்தின் காலம் இல்லை. 1930களில் வரைந்த ஊசி 1960களில் செய்யப்பட்டிருக்கலாம்.

830, 925 போன்ற எண் இல்லாவிட்டால் வெள்ளி முலாமாக இருக்கலாம். அதனாலேயே தள்ளிவிட வேண்டாம். 1970களில் பூக் அன்ட் டைக்மன் நிறுவனத்துக்காக யாகோப் ஹுல் வடிவமைத்த பெரிய பெரிய சிற்ப நகைகள் முலாம் பூசியவை, ஆனாலும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். விற்பவர் அதை முழு வெள்ளி என்று சொல்லி, முழு வெள்ளியின் விலையை வாங்குவதுதான் தவறு.

முத்திரையைப் படித்து முடிந்ததும் பின்பக்கத்தின் வேலையையும் பாருங்கள். ஊசியின் கொக்கி எப்படி உடலோடு சேர்கிறது, விளிம்பு எப்படி முடிகிறது என்று. சிற்பமாக யோசித்தவர் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட மாட்டார். நான் வாங்கும் முன் முக்கால்வாசி நேரம் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

கறுப்பைத் தேய்க்க வேண்டாம்

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். மேலே படிவது வெள்ளி சல்பைடு, மிக மெல்லிய படலம். ஆனால் பழைய சிற்ப நகைகளின் குழிவுகளில் உள்ள கறுப்பில் ஒரு பகுதி, செய்தவரே வேண்டுமென்று கந்தகக் கரைசல் பூசி உண்டாக்கியது. புடைப்பில் ஒளி ஓடும்போது குழிவில் நிழல் நிற்க வேண்டும் என்பதற்காக. வெள்ளியை முக்கி எடுக்கும் திரவத்தில் போட்டால் அந்த நிழல் நிமிடத்தில் போய்விடும், வடிவமும் தட்டையாகத் தெரியும். எனாமல், கண்ணாடி பதித்தவற்றை அதிர்வு வைத்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்திலும் போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது அங்கேதான் பெரிதாகும்.

மெல்லிய பருத்தித் துணியால் புடைத்த இடங்களை மட்டும் துடையுங்கள், குழிவுகளை விட்டுவிடுங்கள். கண்ணாடியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். கழற்றி வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித் துணியில் சுற்றி வையுங்கள். தினமும் அணிந்தால் இதில் பாதி தேவையே இல்லை. சட்டையும் தோலும் உரசி உரசிப் புடைப்புகள் தாமாகவே வெளுத்துக்கொள்ளும்.